குடமும் குரலும் ஒரே பட்டையில்

குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து, மிக்ஸ் செய்து, மாஸ்டரிங் முடித்து வெளியிடும் ஒலிக்கூடத்தாருக்கும், அந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்து பாடும் அண்ணாவிமாருக்கும் சில வார்த்தைகள்.

கோயில் கொடை முடிந்த கையோடு பாட்டு யூடியூபில் ஏறிவிடுகிறது. பந்தலில் பாடியது போக, கூடத்தில் தனியாக உட்கார்ந்து பாடிய பதிவுகளும் வருகின்றன. நல்ல காரியம். ஆனால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டால், பல பதிவுகளில் மூன்று குறைகள் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகின்றன. தொடக்கத்தில் வரும் காப்புப் பாட்டும் நள்ளிரவுச் சாமக்கொடையின் உச்சமும் ஒரே சத்தத்தில் ஒலிக்கின்றன. குடத்தின் வாயில் அதை அடிக்கும் பத்தி விழும்போதெல்லாம் அண்ணாவியின் குரல் கனம் இழந்து மெலிகிறது. குடமோ காலி அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல 'டப்' என்று நின்றுவிடுகிறது, அதன் வயிற்றிலிருந்து வரவேண்டிய கும்மென்ற நாதத்தைக் காணோம். பாடியவர் மேல் குற்றம் இல்லை, குடம் அடித்தவர் மேலும் இல்லை. மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எல்லா வேலையும் முடிந்தபிறகு முழுப் பாட்டின்மேலும் போடப்படும் மல்டிபேண்ட் கம்ப்ரஸர், அதுவும் மென்பொருளோடு வந்த பிரீசெட்டில் அப்படியே.

கம்ப்ரஸர் என்றால் என்னவென்று கூடத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாவிமாருக்காக நாலு வரி. சத்தம் ஓர் எல்லையைத் தாண்டும்போது அதைத் தானாகக் குறைக்கும் கருவி அது. அந்த எல்லைக்குத் திரெஷோல்டு என்று பெயர். தாண்டியதை எந்த அளவுக்குக் குறைப்பது என்பது ரேஷியோ. 2:1 என்று வைத்தால், எல்லைக்கு மேல் 6 டெசிபல் போக வேண்டிய ஒலி 3 டெசிபலோடு நிற்கும். எவ்வளவு சீக்கிரம் அமுக்கத் தொடங்குவது என்பது அட்டாக், எவ்வளவு சீக்கிரம் கையை எடுப்பது என்பது ரிலீஸ். சாதாரண கம்ப்ரஸர் முழு ஒலியையும் ஒன்றாகத்தான் பார்க்கும். குடம் ஓங்கி விழுந்தால் அந்தக் கணத்தில் ஜால்ராவையும் சேர்த்து அமுக்கும். மல்டிபேண்ட் அப்படியல்ல. ஒலியை முதலில் மூன்றோ நான்கோ ஐந்தோ பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளும். குடத்தின் அடிநாதம் ஒன்றில் விழும், குரலின் கனம் இன்னொன்றில், எழுத்தொலிகளின் கூர்மை வேறொன்றில், ஜால்ராவின் மினுக்கம் மேலே ஒன்றில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்ப்ரஸர். கடைசியில் எல்லாவற்றையும் திரும்பக் கூட்டித் தரும்.

கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. குடத்தை அடக்கினால் குடம் மட்டும் அடங்கும், ஜால்ரா தப்பிக்கும். இந்த யோசனையின் வரலாற்றில் வரும் முக்கியமான ஆள் ஒருவர் இந்தியாவில் குடியிருந்தவர்.

ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இங்கே இருந்தார். 1965-ல் லண்டனுக்குப் போய் டால்பி லேபரட்டரீஸைத் தொடங்கினார். முதல் சரக்கு, டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி ஏ. டெக்கா நிறுவனம் அதை முதலில் வாங்கியது. பதிவு செய்யும்போது மெல்லிய ஒலிகளை உயர்த்துவது, திரும்ப ஒலிக்கவிடும்போது அதே அளவு இறக்குவது. நடுவில் டேப்பில் ஒட்டிய இரைச்சலும் அதோடு சேர்ந்து இறங்கும். ஆனால் முழு ஒலிக்கும் ஒரே ஏற்ற இறக்கம் என்று வைத்தால், ஒவ்வொரு முரசடியோடும் இரைச்சல் மூச்சு வாங்குவது காதில் விழும். அடித்தளத்து முரசால் மேல்தளத்து இரைச்சலை மறைக்க முடியாது. அதனால் டால்பி ஒலியை நான்காகப் பிரித்தார். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்று, 80 முதல் 3,000 வரை ஒன்று, 3,000-க்கு மேல் ஒன்று, 9,000-க்கு மேல் ஒன்று. ஒரு பட்டையில் நடப்பது இன்னொன்றைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதுதான் நோக்கம். மல்டிபேண்டின் நியாயமும் அதுவே. ஒரு வித்தியாசம் உண்டு. டால்பி ஏ மாற்றியதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மாஸ்டரிங்கில் அமுக்குவதோடு சரி. திரும்ப விரித்துக் கொடுக்கும் பெட்டி கேட்பவர் வீட்டில் கிடையாது.

இரண்டாவது வம்சம் வானொலியிலிருந்து வந்தது. அதில் நாகர்கோவிலுக்கு ஒட்டுறவு உண்டு. இந்தியாவில் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னையில் தொடங்கியது. ஏழு ஆண்டு கழித்து, 1984 அக்டோபர் 30-ல், நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் வந்தது. இந்த மாவட்டத்தார் ஏனோ அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. எஃப்எம்மில் உயர் அதிர்வெண்களை வேண்டுமென்றே ஏற்றி அனுப்பி, வீட்டுப் பெட்டியில் இறக்கிக் கேட்க வைப்பார்கள். இரைச்சலைக் குறைக்கும் உத்தி. ஏற்றி அனுப்புவதால் ஜால்ரா, மணி, 'ச' ஒலி எல்லாம் அனுமதித்த எல்லையை முதலில் முட்டும். ஒற்றைக் கம்ப்ரஸரை வைத்தால் ஒவ்வொரு ஜால்ராவுக்கும் முழுப் பாட்டும் குனிந்து எழும். பட்டை பிரித்து அடக்கும் கருவிகள் வானொலிக்கு அவசியமானது இப்படித்தான். 1970-களில் அமெரிக்காவில் மைக் டாரோவின் மூன்று பட்டைப் பெட்டியும், பாப் ஆர்பனின் ஆப்டிமாட் வரிசையும் அந்தத் தேவையில் பிறந்தவை. காரிலும் சமையல்கட்டிலும் கேட்பவருக்காகச் செய்த ஏற்பாடு அது. மாஸ்டரிங்குக்காகச் செய்ததல்ல.

அதே ஆர்பன், ஃபிராங்க் ஃபோட்டியோடு சேர்ந்து 2001-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். ஏற்கெனவே நசுக்கிவந்த பாட்டை வானொலிக் கருவி மறுபடி நசுக்கினால் அது சத்தமாக ஒலிக்காது, மோசமாகத்தான் ஒலிக்கும் என்பது சாரம். பட்டை கம்ப்ரஸர் செய்து விற்றவரே சொன்னது. 'எஃப்எம்மில் போட்டால் எடுப்பாக இருக்கணும்' என்று ஐந்து பட்டையிலும் அழுத்திக் கொடுக்கும் தம்பிமார் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வானொலி நிலையத்துக்குள் இருந்த கருவி எல்லார் கைக்கும் வந்தது 1996-ல், டென்மார்க்கின் டிசி எலக்ட்ரானிக் நிறுவனம் ஃபைனலைசர் என்ற பெட்டியை விற்கத் தொடங்கியபோது. அதன்பின் மென்பொருள். வேவ்ஸ் சி4, ஃபேப்ஃபில்டர் ப்ரோ-எம்பி, ஐசோடோப் ஓசோன் என்று இன்று ஒரு மடிக்கணினிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பிரீசெட்டுகளின் பெயர்களைப் பாருங்கள். ராக், டான்ஸ், ஹிப்ஹாப், ஒலிபரப்பு. குடம் வைத்துக்கொண்டு பாடும் இசைக்கு யாரும் பிரீசெட் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

ஏன் என்பதற்குப் பந்தலுக்குள்தான் போக வேண்டும். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று விலகி நின்று ஒலிப்பவை அல்ல. வில்லின் அடிப்பாகமே குடத்தின் கழுத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. வீசுகோல் நாணில் விழுந்தால் வில்லில் தொங்கும் மணிகளும் சேர்ந்து குலுங்கும். பாடுபவரே வீசுகோலும் பிடிப்பதால் அவருடைய மைக்கில் குரலும் நாணும் மணியும் ஒருசேர நுழையும். குழுவாகச் சம்மணமிட்டு நெருங்கி உட்கார்ந்திருப்பதால் எந்த மைக்கும் தன் ஆளை மட்டும் கேட்பதில்லை.

இப்போது குடம். உள்ளே இருக்கும் காற்றும் வாயின் அகலமும் சேர்ந்து அதன் அடிநாதத்தைத் தீர்மானிக்கின்றன. வில்லுப்பாட்டில் வைக்கும் அளவுள்ள மண்குடத்துக்கு அது ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். பெரிய குடமானால் இன்னும் கீழே. ஆனால் குடம் அதோடு முடிவதில்லை. பத்தி வாயில் விழும் 'தட்' என்ற ஓசை ஆயிரம், இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. ஒரே அடியின் இரண்டு பாதிகள் இரண்டு பட்டைகளில் விழுகின்றன. கீழ்ப்பட்டை கம்ப்ரஸர் கும்மென்ற பாதியைப் பிடித்து அமுக்குகிறது. மேல்பாதி தப்பித்துப் போகிறது. கேட்பவர் காதில் மிஞ்சுவது அந்த 'டப்'.

அண்ணாவி வசனம் சொல்லும்போது ஆண் குரலின் அடிச்சுருதி 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரைதான். குடம் வாழும் அதே இடம். கம்ப்ரஸருக்கு இது குடம், இது குரல் என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பட்டை மட்டுமே. குடத்தை அடக்கக் கை வைக்கும்போதெல்லாம் அண்ணாவியின் கனத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. வார்த்தையின் கூர்மை மேல்பட்டையில் அப்படியே நிற்பதால் குரல் நின்றுபோவதில்லை, மெலிகிறது. அடிக்கு அடி மெலிந்து, அடிக்கு நடுவில் தடிக்கிறது. கேட்கிறவருக்கு எது சரியில்லை என்று சொல்லத் தெரியாது. ஆனால் சீக்கிரம் அலுத்துவிடும். பெண்கள் பாடும் குழுவில் கணக்கு மாறும். பெண் குரலின் அடிச்சுருதி 200 ஹெர்ட்ஸை ஒட்டியோ மேலேயோ இருப்பதால் கீழ்ப்பட்டையில் குடம் தனியாக நிற்கும், சண்டை குறையும். கொட்டாரம் பக்கத்தில் வாழ்ந்து 2018-ல் காலமான பூங்கனி அம்மாள் போன்ற ஒருவருக்கு வைக்கும் அமைப்பை, கனத்த குரல் அண்ணாவி ஒருவருக்கு அப்படியே வைக்க முடியாது. பிரீசெட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

உடுக்கையின் கதை இன்னும் வேடிக்கை. இடுப்புக் கயிற்றை இறுக்கினால் சுருதி வழுக்கி மேலே ஏறும். அந்த வழுக்கல்தான் உடுக்கையின் உயிர். மல்டிபேண்டில் இரண்டு பட்டைகள் சந்திக்கும் கோட்டுக்கு கிராஸ்ஓவர் என்று பெயர். உடுக்கை வழுக்கிக்கொண்டே அந்தக் கோட்டைத் தாண்டும்போது ஒரு கம்ப்ரஸரின் கையிலிருந்து இன்னொன்றின் கைக்குப் போகிறது. அங்கே அமுக்கம் வேறு, இங்கே வேறு. ஒரே மூச்சில் வரவேண்டிய ஏற்றம் நடுவில் ஒரு படி இடறுகிறது. இதைச் சரிசெய்ய எந்தத் திருகும் இல்லை. கோட்டை வேறிடத்துக்கு நகர்த்தலாம், அல்லது பட்டைகளைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

கிராஸ்ஓவருக்கு இன்னொரு விலையும் உண்டு. ஹ்யூலெட்-பேக்கர்டு பொறியாளர்களான சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் 1970-களில் ஸ்பீக்கர்களுக்காக வகுத்த வடிகட்டி முறையைத்தான் இந்த மென்பொருள்கள் பலவும் பின்பற்றுகின்றன. பட்டைகளைத் திரும்பக் கூட்டும்போது அளவு சரியாக வரும். ஆனால் கட்டம், அதாவது எந்த அதிர்வெண் எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பது, சுழன்றுவிடும். ஒரு பட்டையிலும் அமுக்கம் நடக்காதபோதுகூட அந்தச் சுழற்சி இருக்கும். லீனியர் ஃபேஸ் வகை இதைத் தவிர்க்கிறது. பதிலுக்கு, கூர்மையான அடிக்கு முன்னாலேயே மெல்லிய ஒரு நிழல் ஒலியைத் தருகிறது. வீசுகோல் நாணில் படும் அந்த நொடி இரண்டிலும் கொஞ்சம் மழுங்கும். அதனால் சும்மா செருகி வைப்பதும் சும்மா இருப்பதும் ஒன்றல்ல.

இதெல்லாம் ஒலியின் நிறம் பற்றிய பேச்சு. இதைவிடப் பெரிய இழப்பு ஏற்றத்தில் நடக்கிறது.

வில்லுப்பாட்டு மேடைக் கச்சேரி மட்டுமல்ல என்பது உங்களுக்குத் தெரியாததா? முத்தாரம்மனோ, சுடலைமாடனோ, இசக்கியம்மனோ, கதை சாமக்கொடையை நெருங்க நெருங்கத் தாளம் இறுகும், குடம் கனக்கும், பின்பாட்டு தலைப்பாட்டின்மேல் ஏறி விழும். சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டில் சாமியாடி எழுந்து நிற்பது அந்த ஏற்றத்தின்மேல்தான். நாகர்கோவில் வட்டாரத்துக் கொடைகளில் உட்கார்ந்து கேட்டு ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-ல் வெளியான தம் நூலில், சாவைச் சொல்லும் கதைகளும் சாமியாட்டமும் கொடையின் நடுப்பகுதியில் எப்படி ஒன்றாகத் திரள்கின்றன என்று விரிவாக எழுதியிருக்கிறார். சத்தம் கூடுவது அங்கே அலங்காரம் அல்ல, சடங்கின் ஒரு வேலை. மாஸ்டரிங்கில் காப்பையும் உச்சத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், கதை எங்கே எழுந்தது என்பதே பதிவில் இல்லாமல் போகிறது. அதிலும் ஐந்து பட்டை கம்ப்ரஸர் இந்த வேலையை ஒற்றைக் கம்ப்ரஸரைவிட முழுமையாகச் செய்யும். ஒற்றைக் கம்ப்ரஸர் அதிகமாக அமுக்கினால் உடனே 'பம்ப்' அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். மல்டிபேண்ட் சத்தமில்லாமல் அமுக்கும். அதன் திறமையே அதன் ஆபத்து.

'மற்றவன் பாட்டு சத்தமா இருக்கு, நம்ம பாட்டு சின்னதா இருக்கு' என்பதுதான் இதற்குக் கூடங்களில் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் செத்துப் பல ஆண்டுகள் ஆகிறது. யூடியூப் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற சராசரி உரப்பை வைத்துக்கொண்டு, அதற்குமேல் போகும் பாட்டை இறக்கிவிடுகிறது. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவும் மைனஸ் 14. ஆக, நசுக்கி நசுக்கி மைனஸ் 8-க்குக் கொண்டுபோன பதிவை அவர்கள் 6 டெசிபல் இறக்கி ஒலிக்கவிடுவார்கள். நசுங்கியது மட்டும் உங்கள் கணக்கில் நிற்கும். மெட்டாலிக்கா குழு 2008 செப்டம்பரில் 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தை வெளியிட்டபோது, அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டில் நசுங்காமல், தெளிவாக ஒலிப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வந்தபோதே மிக்ஸ் நசுங்கித்தான் வந்தது என்று சொன்னார். அவ்வளவு பணமும் ஆளும் உள்ள இடத்திலேயே நடந்தது இது.

காதையும் நம்பக்கூடாத ஓர் இடம் உண்டு. பெல் லேபரட்டரியின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டியது: சத்தம் கூடினால் காதுக்கு அடிநாதமும் மேல்நாதமும் கூடியதாகத் தோன்றும். அமுக்கியதை ஈடுகட்டப் பட்டைக்குப் பட்டை மேக்கப் கெய்ன் ஏற்றியதும் 'ஆகா, நிறைஞ்சு கேக்குது' என்று தோன்றுவது பாதிக்குமேல் அந்த மாயைதான். பைபாஸ் பொத்தானை அழுத்தும் முன் அமுக்கியது, அமுக்காதது இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். சமமாக்கிக் கேட்டபிறகும் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

சரி, அப்படியானால் குடம் துள்ளுகிறதே, என்ன செய்வது?

முதலில் மைக். குடத்தின் வாய்க்கு நேராக மைக் வைத்தால் பத்தி விழும்போது வரும் காற்று நேரே மைக்கில் மோதும். அந்த மோதலைப் பின்னால் எந்தக் கம்ப்ரஸரும் அழகாக எடுத்ததில்லை. வாயின் விளிம்புக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் விலக்கி, சாய்த்து வையுங்கள். அண்ணாவியின் மைக் குடத்தைப் பார்க்காமல் முதுகு காட்டட்டும். இந்த இரண்டு மாற்றமும் செலவில்லாதவை. அடுத்து மிக்ஸ். குடத்துக்குத் தனி டிராக் இருந்தால் துள்ளலை அந்த டிராக்கிலேயே ஒரு சாதாரணக் கம்ப்ரஸரால் பிடிக்கலாம், குரல் தப்பிக்கும். பந்தலில் மைக் செட்காரர் வைத்திருக்கும் மிக்ஸர் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 வகையானால், யூஎஸ்பி வழியாக 32 டிராக் வரை தனித்தனியாக எடுக்க முடியும். சிறிய எக்ஸ்ஆர்18 ஆனாலும் 18. பலர் மிக்ஸரில் பென்டிரைவைச் செருகி ஸ்டீரியோ ஒன்றை மட்டும் வாங்கிவந்து, பிறகு வீட்டில் உட்கார்ந்து மல்டிபேண்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு லேப்டாப்பும் ஒரு கேபிளும் கொண்டுபோனால் அந்த மல்லுக்கட்டே இல்லை. மாஸ்டரிங் பற்றிப் பலரும் படிக்கும் நூலை எழுதிய பாப் காட்ஸும் மிக்ஸில் தீர்க்க முடிவதை மிக்ஸிலேயே தீர்க்கத்தான் சொல்கிறார்.

மிக்ஸுக்குத் திரும்பிப் போக வழியே இல்லாதபோதுதான் மல்டிபேண்டுக்கு உண்மையான வேலை. பந்தலிலிருந்து வந்த ஒற்றை ஸ்டீரியோ ஃபைல், அல்லது அலமாரியில் கிடக்கும் பழைய கேசட். அண்ணாவியும் இல்லை, குடம் அடித்தவரும் இல்லை, டேப் மட்டும் இருக்கிறது. அங்கே இந்தக் கருவி கைகொடுக்கும். கொடுக்கும்போதும் ஐந்து பட்டை வேண்டாம், ஒன்று போதும். 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை ஒரே ஒரு பட்டையைத் திறந்து, மற்றதெல்லாம் பைபாஸில் விடுங்கள். குடத்தின் சாதாரண அடிக்குக் கருவி அசையக்கூடாது. ஓங்கிய அடிக்கு மட்டும் முள் ஆடும்படி திரெஷோல்டை வையுங்கள். ரேஷியோ 2:1. அமுக்கம் 3 டெசிபலைத் தாண்ட வேண்டாம். அட்டாக் 20 முதல் 30 மில்லி செகண்ட். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்றுக்கே 10 மில்லி செகண்ட் ஆகும். அதைவிட வேகமாக அமுக்கினால் அலையின் வடிவத்தையே வளைக்கிறீர்கள், கரகரப்பு வரும். ரிலீஸைத் தாளம் சொல்லும். நொடிக்கு நாலு அடி விழும் ஓட்டத்தில் அடிக்கு அடி 250 மில்லி செகண்ட் இடைவெளி. அடுத்த அடிக்குள் கருவி கையை எடுத்திருக்க வேண்டும் என்றால் 120, 150-க்குள் ரிலீஸ் முடிய வேண்டும். சாமக்கொடையில் அடி இன்னும் நெருங்குமே, அப்போது? அந்தப் பகுதிக்கு வேறு அமைப்பு. ஒரு கொடைக்கு ஒரே செட்டிங் என்று யாரும் சட்டம் போடவில்லை. மேக்கப் கெய்ன் சுழி. தானியங்கி மேக்கப் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

டைனமிக் ஈக்யூ கையில் இருந்தால் இதற்கு அதுவே மேல். ஒலியைப் பட்டையாக வெட்டிக் கூட்டாமல், தேவைப்படும்போது மட்டும் ஓர் இடத்தைத் தாழ்த்தும். சும்மா இருக்கும்போது உண்மையிலேயே சும்மா இருக்கும்.

பழைய கேசட்டில் ஜால்ரா குத்துவதும் வழக்கம். அங்கே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இன்னொரு பட்டை திறக்கலாம். ஆனால் அண்ணாவியின் 'ச' வரும்போதெல்லாம் வில்மணிகள் பின்வாங்குகின்றனவா என்று கவனியுங்கள். வாங்கினால் மூடிவிடுங்கள். குத்தலோடு இருப்பது மணியில்லாமல் இருப்பதைவிடத் தேவலை.

கேட்டுப் பார்க்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. தெருவில் கட்டும் கூம்புக் குழாய் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதும் தராது. பந்தல் பக்கத்தில் இப்போது அடுக்கும் பேஸ் பெட்டிகள் நேர் எதிர், 100 ஹெர்ட்ஸைத்தான் அள்ளிக் கொட்டும். கைபேசி குழாயின் பக்கம். ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு மாஸ்டரிங் முடிப்பவர் குழாய்க்காகக் குடத்தை உயர்த்துகிறார், அது குழாயில் வரவே வராது, பேஸ் பெட்டியில் வீட்டு ஜன்னலை ஆட்டுகிறது. மோனோவிலும் ஒருமுறை கேளுங்கள். குழாயும் பல கைபேசிகளும் மோனோதான்.

அண்ணாவிமாருக்குத் தனியாக ஒன்று. பதிவு முடிந்து கேட்கக் கூப்பிடும்போது பெரும்பாலும் சத்தமாக வைத்துத்தான் காட்டுவார்கள், நீங்களும் 'நல்லாருக்கு தம்பி' என்று எழுந்துவிடுவீர்கள். அடுத்தமுறை உச்சப் பகுதியையும் காப்பையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஏற்றம் தெரியாவிட்டால் கேளுங்கள், எங்கே போனது என்று. குடம் அடிப்பவரையும் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். தன் குடத்தின் நாதம் பதிவில் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு ஒரு அடியிலேயே தெரியும். வெளியீட்டு நாளுக்குத்தான் அவரை நினைப்பது என்ற பழக்கம் சரியில்லை.

கடைசியாகக் கூடத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாஸ்டரிங் செய்ததை வெளியிடுங்கள், ஆனால் செய்யாததை அழிக்காதீர்கள். பூங்கனி அம்மாள் பாடத் தொடங்கிய காலத்தில் ஒரு கொடையை முழு இரவும் பதிவு செய்வது நினைத்தும் பார்க்க முடியாதது. இன்று ஒரு விரல்நகம் அளவுள்ள மெமரி கார்டில் அது அடங்குகிறது. தனித்தனி டிராக்குகளையும், கம்ப்ரஸர் படாத மிக்ஸையும் 24 பிட் வேவ் ஃபைலாக வையுங்கள். ஃபைலின் பெயரிலேயே ஊர், கோயில், கொடையின் நாள், தலைப்பாட்டு யார், குடம் யார் என்று எழுதி வையுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றைக் கூடத்துக்கு வெளியே வேறு வீட்டில் வையுங்கள். குழு சம்மதித்தால், ஒரு பிரதியைப் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற ஓர் இடத்தில் கேட்டுப் பார்த்து ஒப்படைக்கலாம். எந்தப் பட்டையில் எத்தனை டெசிபல் அமுக்கினீர்கள் என்பதையும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் குறித்து அதோடு சேர்த்துப் போடுங்கள். பத்து வருஷம் கழித்து அதே கதையைத் திரும்ப மாஸ்டரிங் செய்ய உட்காருபவர் நீங்களாகவே இருக்கலாம்.